மார்லிஸும் ரொட்டிப் பூரணமும்

இஸ்திரி மேசை மேல் ரொட்டி. பியானோ மூடி மேல் ரொட்டி. துணி காயப்போடும் கம்பி அடுக்கில், காலுறைகளைத் தள்ளிவிட்டு, அங்கேயும் ரொட்டி. நடுவில் நின்றுகொண்டு மார்லிஸ் இன்னும் ஒரு முழு ரொட்டியை விரலால் பிய்த்துப் போடுகிறாள். கத்தியால் வெட்டினால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு.

"வெட்டினா எல்லாத் துண்டும் வழுவழுன்னு நிக்கும் கண்ணு. பிய்ச்சாத்தான் ஓரம் பிசிறடிக்கும். அந்தப் பிசிறுதான் அப்புறம் மொறுமொறுன்னு ஆகும். பிசிறே இல்லாத மனுசங்களையும் எனக்குப் பிடிக்காது, சொல்லிட்டேன்!"

தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க ரொட்டி காய்கிற அவள் வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. போகிற போக்கில் ஒரு துண்டை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பாள். சத்தம் சரியாக வந்தால் "ஆங்!" என்பாள். வராவிட்டால், "இன்னும் தூங்கிட்டு இருக்கு சோம்பேறி" என்று திட்டித் திருப்பி வைப்பாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் இத்தனை வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது அறுபது தாண்டிவிட்டது. எங்கள் விஸ்கான்சின் சிற்றூரில் பாதிப் பேர் சின்ன வயதில் அவளுடைய "உக்காரு!" என்ற அதட்டலுக்கு உட்கார்ந்தவர்கள். இன்றைக்கும் தபால் நிலையத்தில் அவள் தும்மினால்கூட நாலு பேர் நாற்காலி தேடுகிறார்கள். யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் கண்ணுதான். மேயரும் கண்ணு, கால்நடை மருத்துவரும் கண்ணு. நடுரோட்டில் வழிமறித்து நிற்கும் மானைப் பார்த்தும், "நகரு கண்ணு, பெல் அடிச்சிருவாங்க" என்பாள். ரயில்பாதை வந்தால் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது விதி. இவள் சொந்தக் காரிலும் அதையே செய்கிறாள். கொட்டும் பனியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊரே பின்னால் ஹாரன் அடிக்க, நிதானமாகக் காது கொடுப்பாள்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் கோட்டைக் கழற்றவே மாட்டாள். பஞ்சு வைத்துத் தைத்த கத்தரிப்பூ நிறக் கோட், முழங்கால் வரை தொங்கும். அதன் பைக்குள் ஊக்கு, இருமல் மிட்டாய், ஸ்குரூ டிரைவர், எந்தக் குழந்தையோ பேருந்தில் விட்டுப்போன ஒற்றைக் கையுறை என்று ஒரு கடையே இருக்கும். அடுப்படியில் வேர்த்து வழிய நின்றாலும், "எனக்குக் குளிருது கண்ணு" என்று சாதிப்பாள். ஒரு தடவை விடாமல் கேட்டேன். "கழட்டினா வீட்டு மனுசி. போட்டிருந்தா விருந்தாளி. போகச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே கிளம்பிரலாம் பாரு," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இந்த வருடம் அந்தக் கோட்டுக்கு ஒரு சோதனை வந்தது. காரணம் வெண்டல்.

வெண்டல் எதிர் வீட்டில் தனியாக இருக்கிறார். மனைவி ஜோயன் இறந்துபோய்ச் சில வருடங்களாகின்றன. நல்ல மனிதர், பேச்சு மட்டும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்படிப்பட்டவர் முதல் பனி விழுந்த அன்று மார்லிஸ் வீட்டு வாசலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஏ மார்லிஸ், ரெண்டு வாசல்ல எதுக்குப் பனி தள்ளணும்? ஒரே வீடா இருந்தா ஒரு தடவ தள்ளினாப் போதுமே," என்றார். எங்கள் ஊர் ஆம்பிளைகள் காதலைச் சொல்வதில் இதுதான் உச்சம். வேலி ஓரம் நின்ற எனக்கே முகம் சிவந்தது.

மார்லிஸ் அசரவில்லை. "யோவ் வெண்டல், நன்றி நாள் முடியட்டும், சொல்றேன்," என்று அனுப்பிவிட்டு நேராக என் சமையலறைக்கு வந்து, நாற்காலியில் விழுந்து, ஓவென்று சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் அழுதாள். அப்புறம் விஷயத்தைச் சொன்னாள்.

"அவன் பொண்ணு கிரெட்சென் மனசார ஒத்துக்கணும் கண்ணு. வாயால கேட்டா சரின்னுதான் சொல்லுவா, மரியாதைக்கார புள்ள. எனக்கு அது வேணாம். அவ கையால என் சட்டி காலியாகணும். ஆச்சுன்னா கல்யாணம். இல்லேன்னா அவங்கவங்க வீட்டுப் பனிய அவங்கவங்க தள்ளிக்கலாம்."

சட்டி காலியாவது எங்கள் ஊரில் சாமானிய விஷயம் இல்லை. எந்த விருந்திலும் கடைசித் துண்டை யாரும் தொட மாட்டார்கள். அது அப்படி ஒரு மரியாதை. ஒரே ஒரு கேக் துண்டு மிஞ்சினால் ஒருவர் வந்து பாதி வெட்டுவார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி வெட்டுவார். கடைசியில் ஈ உட்காரக்கூட இடமில்லாத ஒரு துணுக்கு தட்டில் கிடந்து காயும். வீட்டு மனுஷர் சமைத்ததை மட்டும்தான் கூச்சமில்லாமல் வழித்துத் தின்பார்கள். வெளியாள் கொண்டுவந்த பாத்திரம் காலியாகித் திரும்பியதை நான் பார்த்ததே இல்லை.

கிரெட்சென் வீட்டில் மார்லிஸுக்குப் பதவி உயர்வு மெதுவாகத்தான் நடந்தது. அப்பாவின் எதிர் வீட்டுக்காரி என்று கூப்பிட்ட முதல் வருட நன்றி நாளுக்கு, "நீங்க காகிதக் கைக்குட்டை கொண்டு வாங்க" என்றாள். அடுத்த வருடம் ஐஸ் கட்டி. இந்த வருடம் தொலைபேசி அடித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மார்லிஸ், இந்தத் தடவ ஸ்டஃபிங் நீங்க செஞ்சிருங்களேன். ஆனா ஓவன் அடுப்புல இடம் இல்ல, வான்கோழியும் பூசணிப் 'பை' இனிப்பும் இருக்கு," என்றாள் கிரெட்சென். மார்லிஸ் போனை வைத்தாள். ரொட்டி பரப்பியிருந்த இஸ்திரி மேசையைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள் பாருங்கள்! வழக்கமாகத் தனக்கென்று செய்கிற சாப்பாடு, முதல் தடவையாக ஒரு குடும்பத்துக்குப் போகப் போகிறது.

ஆட்டம் முடிந்ததும்தான் சிக்கல் நினைவுக்கு வந்தது. வான்கோழிக்குத் துணையாக வைக்கும், நான் பூரணம் என்று சொல்லும் இந்த ரொட்டி ஸ்டஃபிங்கை ஜோயன் ஓவனில்தான் வைப்பாள். ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று வருமாம், பிள்ளைகள் ஓரத்துக்கு அடித்துக்கொள்வார்களாம். மார்லிஸ் கையில் இருப்பதோ ஸ்லோ குக்கர். நம்மூர்க் குக்கர் மாதிரி விசிலடித்து ஊரைக் கூட்டாது, மின்சாரத்தில் கம்மென்று உட்கார்ந்து அரை நாள் வேகவைக்கும். அதில் ஆவி தண்ணீராகிச் சொட்டினால் ரொட்டி களியாகிவிடும்.

"களியாச்சுன்னா அடுத்த வருசம் திரும்பவும் ஐஸ் கட்டிதான்," என்றாள்.

நன்றி நாள் விடிந்ததும் வேலையில் இறங்கினாள். வாணலியில் வெண்ணெய், அதில் வெங்காயமும் செலரித் தண்டும் வதங்கின. கசக்கிய சேஜ் இலையைத் தூவியதும் என் வீடு வரை வாசனை வந்து என்னை இழுத்துக்கொண்டு போனது. காய்ந்த ரொட்டி மேல் அதைக் கொட்டி, முட்டை அடித்து ஊற்றி, கோழிச் சாறைக் கரண்டி கரண்டியாகத் தெளித்தாள். "குளிப்பாட்டக் கூடாது கண்ணு, முகம் கழுவினாப் போதும்." சட்டியின் சுவரெல்லாம் வெண்ணெயை அப்பினாள். மூடிக்கு அடியில் ஒரு துணியை இழுத்துக் கட்டினாள், சொட்டுகிற தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். பிறகு விரலை நீட்டி உத்தரவு போட்டாள். "இனிமே மூடிய எவனும் தொடக் கூடாது. தொட்டா பேருந்துல இருந்து இறக்கி விட்டுருவேன்!"

கிரெட்சென் இருப்பது அவள் அம்மாவின் பழைய பண்ணை வீட்டில். காரின் முன் இருக்கையில் குக்கர் பெல்ட் போட்டு உட்கார்ந்தது. துணைக்குப் போன நான் பின்னால். ரயில்பாதையில் மார்லிஸ் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தாள். குளிர் உள்ளே புகுந்ததும் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் குக்கருக்குச் சுற்றினாள். எனக்குச் சுற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

அங்கே மான் வேட்டைக்குப் போன வெண்டலும் மற்ற ஆண்களும் அப்போதுதான் ஆரஞ்சு உடுப்பும் சேறுமாகத் திரும்பி, தொலைக்காட்சியில் கால்பந்துக்கு முன்னால் விழுந்திருந்தார்கள். சமையல் மேடையில் காபிப் பானை, சோளக் கூட்டுக்கு ஒரு குக்கர், பீன்ஸுக்கு ஒரு குக்கர். மார்லிஸ் மிச்சமிருந்த ஒரே ஓட்டையில் தன் பிளக்கைச் செருகினாள். டப்! பாதி வீடு இருண்டது. தொலைக்காட்சியும் செத்தது.

"ஐயோ, கோலுக்குப் பக்கத்துல வந்துட்டான்டா!" என்று கிரெட்சென் புருஷன் டுவைன் அலறினான். "எவன்டா அது?"

"நான்தான் கண்ணு," என்றாள் மார்லிஸ், கோட்டுக்குள் சுருங்கி. அதட்டலுக்குப் பெயர்போனவள் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

டுவைன் நிலவறைக்கு ஓடி ஃபியூஸைத் தட்டிவிட்டான். எதையாவது கழற்றியாக வேண்டும். யாரும் மார்லிஸைப் பார்க்கவில்லை, அவ்வளவு மரியாதை. அவளே தன் குக்கரைத் தூக்கிக்கொண்டாள். கடைசியில் அதற்கு இடம் கிடைத்தது துணி துவைக்கிற அறையில், வாஷிங் மெஷின் மேல். "பரவால்ல கண்ணு, காத்தோட்டமா இருக்கு," என்றாள். பாவமாக இருந்தது.

வெண்டலுக்கு இது தெரியாது. மனிதர் நல்ல எண்ணத்தில் தன் சேற்று உடுப்பைச் சுருட்டி, மெஷினின் முன்கதவைத் திறந்து போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிட்டார். மேலே ஒரு சட்டி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாமா? வான்கோழியை வெளியே எடுக்கிற நேரத்துக்குத் துணி பிழியும் சுற்று ஆரம்பித்தது. தடதடதடவென்று வீடே அதிர்ந்தது.

"என் ஸ்டஃபிங்!"

ஓடினோம். குக்கர் வாஷிங் மெஷின் மேல் ஆடிக்கொண்டே விளிம்புக்கு வந்துவிட்டது. வயர் விறைத்து நின்றது. முதலில் போய்ச் சேர்ந்தவள் கிரெட்சென். அடுப்புக் கையுறையோடு அப்படியே தாவிச் சட்டியைக் கட்டிப்பிடித்தாள். மூடி ஒரு பக்கம் விலகி, வெண்ணெயும் சேஜுமாக ஆவி அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

"மூடிய நான் தொடல மார்லிஸ்," என்றாள் பிறகு. "அதுவா விலகிருச்சு."

மேசையில் எல்லோரும் ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். வெண்டல் எழுந்து, "வாஷிங் மெஷின் நின்னதுக்கு நன்றி," என்று உட்கார்ந்தார். அவரைப் பார்த்த பார்வையில் மார்லிஸ் பேருந்தையே ஏற்றியிருப்பாள். மூடியைத் திறந்தால், ஆடின ஆட்டத்தில் பூரணம் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் போய் அப்பியிருந்தது. கிரெட்சென் ஒரே ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். டுவைன் வாயில் போட்டு மென்று, "ம்ம். வித்தியாசமா இருக்கு," என்றான்.

கெட்டது குடி! எங்கள் ஊரில் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எவனும் சொல்ல மாட்டான். வித்தியாசமாக இருக்கிறது என்பான். கோட்டின் மேல் பொத்தானை மார்லிஸ் இறுக்கிப் போட்டுக்கொண்டாள். கிரெட்சென் தட்டையே பார்த்துச் சாப்பிட்டாள்.

பூசணி இனிப்பும் காபியும் முடிந்தன. சட்டியில் வழக்கம்போல் கடைசிப் பங்கு பாதியாகி, அதில் பாதியாகி, சுவரில் அப்பிய காந்தலும் ஒரு கைப்பிடிப் பூரணமுமாக நின்றது. மார்லிஸ் எழுந்தாள்.

"சரி கண்ணு, நான் கிளம்பறேன். ரோட்டுல பனி இறுகிரும்." வெண்டலைப் பார்க்காமலே சொன்னாள். சட்டியைக் கையில் எடுத்தாள்.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் கிரெட்சென். "வைங்க கீழ."

சட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். எல்லோரும் பார்க்க, நின்றபடியே கரண்டியால் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள். கரக், கரக் என்று சத்தம். சிவந்த காந்தல் பாளம் பாளமாக வந்தது. கை நீட்டிய டுவைனின் விரலில் கரண்டியால் ஒன்று போட்டாள். "போ, உனக்குத்தான் வித்தியாசமா இருக்கே!" அடிவரை வழித்து, கரண்டியை நக்கி, வாய் நிறைய வைத்துக்கொண்டே மார்லிஸைப் பார்த்தாள். "அடுத்த வருசமும் இந்த ஓரம் இப்படியே வேணும். மெஷின் மேல வெச்சே ஆட்டுங்க. ஐஸ் டுவைன் வாங்கிட்டு வருவான்."

மார்லிஸ் வெறும் சட்டியைப் பார்த்தாள். எட்டிக் குனிந்து அடியையும் ஒரு தடவை பார்த்தாள். வெண்டல் காபிக் கோப்பையை வாயருகே பிடித்தபடி குடிக்க மறந்திருந்தார்.

"அம்மாடி, என்ன புழுக்கம் இந்த வீட்டுல!" என்றாள் மார்லிஸ்.

பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கோட்டைக் கழற்றி உதறி, கதவுக்குப் பின்னாலிருந்த கொக்கியில், வெண்டலின் ஆரஞ்சுத் தொப்பிக்கு மேலேயே மாட்டினாள்.