கழற்றாத தோள்பட்டை

புதுச் சீருடை வந்த வாரம் விமானிகளின் ஓய்வறை சந்தைக்கடையாகிவிட்டது. வெள்ளைச் சட்டை போய்ச் சாம்பல் நிறம் வந்திருந்தது. தோளில் செருகும் தங்கக்கோட்டுப் பட்டைகள் போய், சட்டைக் கையிலேயே கோடுகளைத் தைத்துவிட்டார்கள்.

"ஓட்டல் வாசல்ல கதவு திறக்குறவன் மாதிரி இருக்கு. நேத்து ஒரு அம்மா எங்கிட்ட பெட்டியைத் தூக்கிக் குடுத்துட்டாங்க," என்று பொருமிய துணை விமானி, மூத்த கேப்டனிடம் திரும்பினான். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"அளவு சரியா இருக்கு."

மனைவி இறந்துபோனதிலிருந்து மனுஷன் எதற்கும் ஒரு வரிக்கு மேல் செலவழிப்பதில்லை.

கல்யாணமான நாள் முதல் அவருக்குப் பட்டை செருகிவிட்டவள் அவள்தான். "இது கோணினா பிளேனும் கோணலாத்தான் போகும்," என்பாள். துவைக்கும்முன் எல்லா விமானிகளும் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். அவள் கடைசியாகச் செருகிய சட்டையை மட்டும் இவர் பட்டையோடே துவைத்தார், அதையே திரும்பத் திரும்பப் போட்டார். தங்கக்கோடு மண்ணிறமாகிவிட்டது. கஞ்சன் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை.

பழைய சீருடையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தார்.

"பட்டையைக் கழட்டாமலே குடுத்தா எப்படி சார்?" என்று சலித்துக்கொண்ட ஸ்டோர் கிளார்க், இரண்டையும் வெடுக்கென்று உருவி ஒரு பெட்டியில் எறிந்தார். சட்டை வேறொரு மூட்டைக்குப் போனது.

கேப்டன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"புதுசு எப்படி சார் இருக்கு?"

"அளவு சரியா இருக்கு."