கடைத்தெருவுக்கு ஒரு வரிசைக் கல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சாலை வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு வந்த முதல் பெரிய வேலை பூந்தமல்லியில் ஒரு கடைத்தெரு. வண்டிகள் இரு திசையிலும் போய் வந்த அந்தத் தெருவை ஒருவழியாக்கி, ஒரு வரிசை வண்டி மட்டும் போக விட்டு, மிச்ச இடத்தை நடப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ரோட்டைக் குறுக்குவதற்குக்கூடப் படம் வரையச் சொல்வார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அதுவரை நான் பார்த்த வரைபடங்களில் எல்லாம் ரோடு அகலமாகிக்கொண்டுதான் போனது.

முதலில் பத்து நாள் சோதித்துப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற தள்ளுவண்டிகளையும் சைக்கிள்களையும் அப்புறப்படுத்திவிட்டு, தரையில் இரண்டு ஓரத்திலும் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் ஆள். ஜனங்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலை. பாத்திரக்கடை பாய் தன் கடை வாசலில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலை, இரண்டு நாள் லீவு முடிந்து வந்த பக்கத்து எஸ்.டி.டி. பூத்காரர் கோட்டைத் தாண்டி நடுரோட்டில் வருவதைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும், பார்வை இல்லாதவர். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி ஊர்ந்து வந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஓரத்துக்கு அழைத்து வந்தேன். தினமும் துணையில்லாமல் வந்து பூத்தைத் திறப்பவர் என்று பாய் சொல்லியிருந்தார். இன்று மட்டும் என்ன ஆயிற்று? அவரிடமே கேட்டேன்.

"முன்னாடி வண்டிங்க வரிசையா நிக்கும். குச்சிய அதும்மேல தட்டிகினே வந்துடுவேன். இப்போ எல்லாத்தையும் எட்த்துட்டீங்க. எது ரோடு, எது ஓரம்னு தெர்லமா."

நடப்பவர்களுக்காகத் தெருவையே மாற்றுகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் தெரிந்துகொள்ளும் ஆவலும் வந்துவிட்டது. என்ன இருந்தால் ஓரம் தெரியும் என்று கேட்டேன். நாலு விரல் உயரத்துக்கு ஒரு கல் வரிசை போதும் என்றார். பாய்க்கு அது பிடிக்கவில்லை. பாத்திர மூட்டை வரும் கைவண்டி கல்லின் மேல் எப்படி ஏறும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அன்று மதியம் சாக்பீஸோடு மூவரும் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தோம். கைவண்டி ஏற எங்கெங்கே கல்லை விட வேண்டும் என்று பாய் சொன்னார். எவ்வளவு இடைவெளி என்றால் குச்சி வழி தவறாது என்று பூத்காரர் சொன்னார். டீக்கடை எதிரில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. டீ குடித்த பிறகுதான் பாய் ஒரு முழம் இறங்கி வந்தார். நான் குந்திக் குந்திக் குறி போட்டேன்.

திருத்திய படத்தை நகராட்சிப் பொறியாளர் நெடுநேரம் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

கல் பதித்து முடித்த மறுநாள் போய்ப் பார்த்தேன். கல் இல்லாத எதிர்ப்பக்கத்தில் அதற்குள் ஸ்கூட்டர்கள் வந்து நின்றிருந்தன. பூத்காரர் குச்சியைக் கல்லில் உரசிக்கொண்டே, வேகமாகப் பூத் வாசல்வரை வந்தார். பூட்டைத் திறப்பார் என்று பார்த்தால், திரும்பி நின்றார். ஏதாவது சரியில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லமா. இன்னொரு தபா நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.