கொக்கு எழுந்திருக்கும் விதம்

சீனாவில் யோங்சுன் பக்கத்தில், கொக்கின் அசைவைப் பார்த்து உருவான கொக்குச் சண்டைக் கலையைப் பழகாத குடும்பம் குறைவு. லியன்ஹியோங் ஒன்பது வயதில் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தாள். பெங்சின் அவளைவிட நான்கு வயது மூத்தவன். ஆனால் மூன்று மாதம் தாமதமாக வந்து சேர்ந்தான். கூடத்தில் பிறந்த தேதிக்கு மதிப்பில்லை, சேர்ந்த தேதிக்குத்தான் மதிப்பு. அதனால் அவளை அவன் "அக்கா" என்று கூப்பிட வேண்டியிருந்தது. பின்னால் அவளையே கட்டிக்கொண்ட போதும் அந்த முறை மாறவில்லை. தெருவே சிரித்தது. அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து அவளை அதட்டித் தீர்த்துக்கொள்வான்.

அவளுக்கு அறுபத்திரண்டு ஆனபோது அவனுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்தன, வாய் தப்பித்தது. அதிலிருந்து இரண்டு வருடமாக அவள் சந்தைக்குப் போனால் முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். மகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிவிடுவாள். அவன் முதுகில் ஒரு புண் கிடையாது.

மலையிலிருக்கும் முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் திருநாளன்று தெருவில் எல்லாரும் மண்வெட்டியும் பலகாரமுமாக மலைக்குப் போய்விட்டார்கள். காலை ஒன்பது மணிக்குக் கழிவறையில் பெங்சின் கால் வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். முதுகு கதவில் முட்டிக்கொண்டது. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. லியன்ஹியோங் அவனுக்கு எதிரே, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றாள். ஜன்னல் ஒரு சாண் அகலம். பத்து தடவை கத்திப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது.

"வலது கையக் குடு."

அவள் பிடித்து இழுத்தாள். அவன் கல்லாகக் கனத்தான். இன்னும் பலமாக இழுத்தாள், இன்னும் கனத்தான்.

"ஏன்யா கீழ அழுத்துற?"

"நான் எங்க அழுத்துறேன்? நீதான் சோறு திங்காத மாதிரி இழுக்குற!"

மூன்றாம் தரம் அவளுடைய இடுப்பில் சுருக்கென்றது. விட்டுவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அப்போதுதான் புரிந்தது. இழுத்தால் வேரூன்று, தள்ளினால் முன்னால் வா. இருவரும் முன்கைகளை ஒட்டிக்கொண்டு நாற்பது வருடம் பழகிய பாடம் அது. மூளை பாதி போயும் உடம்பு மறக்கவில்லை. அவள் தூக்கத் தூக்க அவன் தனக்குத் தெரியாமலே தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

மணி பத்தரை ஆனது. அவனுடைய இடது தொடை ஈரத் தரையில் அழுந்தி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மலையிலிருந்து ஆட்கள் இறங்க மூன்று மணியாகும். அதற்குள் அந்தத் தோல் கெட்டுவிடும், கெட்டால் ஆறு மாதம் ஆறாது.

கூடத்தில் எல்லாரும் கொக்கு நிற்பதைத்தான் பார்த்துப் பழகினார்கள். உட்கார்ந்த கொக்கு எப்படி எழுந்திருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, அதில் அழகு இல்லை. வயல் வேலைக்குப் போன லியன்ஹியோங் பார்த்திருக்கிறாள். அது நிமிர்ந்துகொண்டு எழாது. கழுத்தை நீட்டி, மூக்கை முன்னால் தள்ளி, பின்புறம் தூக்கிக் கோணலாக எழும். யார் பார்க்கிறார்கள் என்ற கவலை அதற்கு இல்லை.

"தலையைக் குனிஞ்சு முன்னால வா."

"நாய் மாதிரியா? கெடக்குறேன் விடு. சாயங்காலம் ஆளுங்க வருவாங்க."

"ஆளுங்க வந்து உன்ன இந்தக் கோலத்துல பாக்கணுமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனைவி சொல்லி அவன் கேட்ட நாள் கிடையாது. அவள் நிமிர்ந்து, கூடத்துக் குரலை எடுத்தாள்.

"தம்பி. கை ஒட்டு."

அவனுடைய வலது முன்கை தானாக எழுந்து அவள் கையோடு ஒட்டியது. அவள் இழுக்கவில்லை, அவன் நெஞ்சைப் பார்த்துத் தள்ளினாள். அவன் முன்னால் வந்தான். மூக்கு முழங்காலைத் தாண்டியதும் பின்புறம் இரண்டு விரல் உயர்ந்தது. சட்டென்று தோளில் கிடந்த துண்டை அவன் அடியில் செருகி நாலு விரல் தன் பக்கம் இழுத்தாள்.

"அக்கா, மெதுவா!"

"வாய மூடு, மூச்ச விடு. மறுபடியும்."

ஆறாவது தடவை கதவு கொஞ்சம் வழிவிட்டது. அவள் பக்கவாட்டில் நெளிந்து, சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்து தெறிக்க, வெளியே வந்தாள்.

நடையில் வெயில் இருந்தது. வாசல் திறந்து கிடந்தது. சந்தைக்குப் போகும் நேரத்தை விட்டால், இரண்டு வருடத்தில் முதல் தரமாக அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கதவு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"போயிட்டியா?" உள்ளிருந்து கேட்டான். இந்தத் தரம் அதட்டல் இல்லை.

அவள் படுக்கையறைக்குப் போனாள். தலையணை இரண்டும் போர்வையும் எடுத்து வந்து, வந்த வழியே திரும்ப நெளிந்து உள்ளே போனாள். அவனை வலது பக்கம் புரட்டி, தொடைக்கு அடியில் தலையணை வைத்து, தோலை விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. ரத்தம் ஓடுகிறது, நல்லது. அவனைத் தூக்க இன்னும் இரண்டு ஆள் வேண்டும். மூன்று மணி வரைக்கும் அவள் அந்த ஈரத் தரையில் அவன் சாய்ந்துகொள்ள முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.