நாற்பத்தொரு பிழைகளும் ஒரு மஞ்சள் அட்டையும்

மாதேஸ்வரி கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பாள். கத்தரிக்காயோ, கல்யாணப் பத்திரிகையோ, மகளின் ரேங்க் கார்டோ, எல்லாவற்றுக்கும் ஒரே பார்வைதான். ஓசூர் சிப்காட்டில், பைக்குகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகத் தரச் சோதனை அவள் வேலை. வெளிப் பட்டறைகளிலிருந்து வந்து இறங்குகிற பாகங்களை அளந்து பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை அட்டை கட்டுவாள், குறை இருந்தால் சிவப்பு. இன்னும் பார்க்கவில்லை என்றால் மஞ்சள் அட்டையோடு ஓரமாகக் கிடக்கும். அவள் கணவன் தமிழரசன் பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "பொண்ணு பாக்கப் போனது என்னமோ நாந்தான். அளந்து பாத்தது அவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

இப்படிப்பட்டவள் பிள்ளைகளின் மாயக் கதையில் போய் விழுவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அவளே நினைக்கவில்லை. மகளின் பள்ளியில் புத்தகக் கண்காட்சி போட்டு, ஆளுக்கொரு புத்தகம் வாங்கியே ஆகவேண்டும் என்றார்கள். மகள் வாங்கி வந்தது 'கூகைமலை' என்ற கதை வரிசையின் முதல் புத்தகம். நாலு பக்கம் படித்தாள், ஐந்தாம் பக்கத்திலிருந்து ஓரங்களில் பூ வரைய ஆரம்பித்துவிட்டாள். எவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் மாதேஸ்வரி அதைக் கம்பெனி பஸ்ஸில் பிரித்தாள். அன்றைக்குத் தன் நிறுத்தமான மத்திகிரியில் இறங்க மறந்து, கெலமங்கலம் வரை போய், டவுன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள்.

கதை இதுதான். செவ்வந்தி என்று ஒரு பத்து வயதுப் பெண். அவள் வீட்டுக் கிணற்றின் படிகளில் இறங்கினால் அடியில் தண்ணீருக்குப் பதில் கூகைமலை என்றொரு ஊர். அங்கே ஆட்சி செய்வது ஆந்தைகள். அவளுக்குத் துணை கொத்தவரை என்ற கழுதை. கொத்தவரை பொய் சொல்லாது, ஆனால் பசித்தால் உண்மையும் சொல்லாது. ஆறு புத்தகங்கள் வந்திருந்தன, கடைசிப் புத்தகமான ஏழாவது வரவேண்டும். எழுதியவர் பெயர் நாராயணம்மா என்று அட்டையில் இருந்ததே தவிர, படமும் இல்லை, ஊரும் இல்லை. சேலத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டுக்கொண்டிருந்தது.

ஆறையும் முடித்த கையோடு மாதேஸ்வரி இணையத்தில் தேடிப் பார்த்தாள். கூகைமலையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. கண்ட கண்ட விஷயத்துக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், இந்தக் கழுதைக்கு ஒரு பக்கம் இல்லையா? வீடியோ பார்த்துப் பார்த்து, பஸ்ஸிலும் சாப்பாட்டு இடைவேளையிலுமாக, இரண்டு மாதத்தில் 'கூகைமலை வாசல்' என்று ஒரு இணையதளத்தை அவளே கட்டி எழுப்பினாள். யார் யார் எந்தப் புத்தகத்தில் வருகிறார்கள், ஊரின் வரைபடம், கொத்தவரை பேசிய பேச்சு, பிள்ளைகள் வரைந்து அனுப்பும் படங்கள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் இருந்தது.

ஆனால் கூட்டம் சேர்ந்தது பிழைப் பக்கத்தில்தான். தொட்டில் பழக்கம் என்பார்களே, அவளுக்குத் தொழிற்சாலைப் பழக்கம். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று நாலு கட்டம் போட்ட படிவம் ஒன்றை வைத்தாள். பிள்ளைகள் பிழை கண்டுபிடித்து அனுப்பினால் அவள் சரிபார்த்து, சிவப்பு அட்டைப் படத்தோடு பட்டியலில் ஏற்றுவாள். ஈரோட்டுப் பையன் ஒருவன், நான்காம் புத்தகத்தில் கழுதைக்கு ஐந்து லாடம் செலவானதைப் பிடித்துவிட்டான். துபாயிலிருந்து ஒரு பெண், கிணற்றுக்கு இரண்டாம் புத்தகத்தில் பன்னிரண்டு படி, ஐந்தாம் புத்தகத்தில் பதினாலு படி என்று எழுதினாள். பெரியவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்க ஒரு இடம் கிடைத்தால் எந்தப் பிள்ளைதான் விடும்?

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏழாம் வகுப்பு அனிதா அனுப்பியது முப்பத்து மூன்றாவது பிழை. ஊருக்குள் யானை வந்துவிட்டதால் பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறையாம், அதனால் ஐந்தாம் புத்தகத்தை இரண்டாம் தடவை படித்தாளாம். செவ்வந்தியின் அம்மா மூன்றாம் புத்தகத்திலேயே இறந்துபோகிறார். ஐந்தாம் புத்தகத்தில், எழுபத்திரண்டாம் பக்கத்தில், சமையலறையிலிருந்து "செவ்வந்தி, சாப்பிட வா" என்று கூப்பிடுகிறார். மாதேஸ்வரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் மூன்று தடவை படித்தும் இது கண்ணில் படவே இல்லை. இருப்பதிலேயே பெரிய சிவப்பு அட்டையை அதற்குப் போட்டாள்.

பட்டியல் நாற்பத்தொன்றைத் தொட்டபோது, ஏழாவது புத்தகம் ஜூன் மாதம் வருகிறது என்று பதிப்பகம் அறிவித்தது. தளத்தில் பிள்ளைகள் நாள் எண்ண ஆரம்பித்தார்கள். பிழைகளை நாராயணம்மாவுக்கே அனுப்பினால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வாரே என்று மாதேஸ்வரிக்குத் தோன்றியது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, முழுக்க முழுக்க ஆசைதான். பட்டறைகளுக்கு அனுப்புகிற குறை அறிக்கை அவளிடம் தமிழில் இருந்தது. இங்கிலீஷில் அனுப்பினால் பட்டறைக்காரர்கள் படிக்காமலே "ஓகே மேடம்" என்று பதில் போடுகிறார்கள் என்று அவளே உட்கார்ந்து தமிழ்ப்படுத்தியது. அதைத் திறந்து, மேலே இருந்த கம்பெனி பெயரை எடுத்துவிட்டு, உங்கள் கதையால் என் வாழ்க்கையே மாறிப்போயிற்று என்று உருக்கமாக நாலு வரி எழுதி, கீழே நாற்பத்தொரு பிழைகளையும் நிரப்பி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதிப்பகத்துக்கு மெயில் அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, எழுதினதை இன்னொரு தடவை ரசிக்கலாம் என்று திறந்தாள். படிவத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று உண்டு. ஊரில் உள்ள பொருளையெல்லாம் திருப்பிப் பார்க்கிறவள் அதை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. அதில் இப்படி இருந்தது: "மேற்கண்ட ஒவ்வொரு குறைக்கும் மூல காரணமும் திருத்த நடவடிக்கையும் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தவறினால் சரக்கு உங்கள் செலவில் திருப்பி அனுப்பப்படும். உங்கள் பெயர் சப்ளையர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். திருத்திய மாதிரிகளைக் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்." அதற்குக் கீழே கம்பெனியின் இரண்டாம் நம்பர் கேட் முகவரி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தமிழரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கதை எழுதறவங்களுக்கே கெடு வெச்சுட்டியா? அவங்க கழுதைய லோடு ஏத்தி அனுப்பப் போறாங்க, நீ ரிஜெக்ட் பண்ணு."

"சிரிக்காதீங்க. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில் போடப் போறேன்."

மன்னிப்புக் கேட்டு அவள் போட்ட மெயிலுக்குப் பதில் இல்லை. ஏழு நாள் ஆனது, பத்து நாள் ஆனது. இருபதாம் நாள் பதிப்பகம் ஒரே ஒரு வரி வெளியிட்டது: "தவிர்க்க முடியாத காரணத்தால் கூகைமலை ஏழாம் புத்தகம் தள்ளிப்போகிறது." மாதேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. நம்மால்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஒரு பொம்பளை உட்கார்ந்து எட்டு வருடமாக ஒரு ஊரையே உண்டாக்கி வைத்தால், இவள் அதைப் போல்ட் நட்டு மாதிரி அளந்து மிரட்டியிருக்கிறாள். அவர் எழுதுவதையே விட்டுவிட்டால் இத்தனை பிள்ளைகளுக்கும் என்ன பதில் சொல்வது? தளத்திலோ, "ஏன் அக்கா தள்ளிப்போகிறது?" என்று கேள்வி மேல் கேள்வி.

மழுப்ப அவளுக்கு வராது. பிழைப் பக்கத்தில் நாற்பத்திரண்டாவதாகத் தன்னையே ஏற்றினாள். எந்தப் புத்தகம்: எதுவும் இல்லை. எப்படி இருக்க வேண்டும்: நன்றிக் கடிதம். எப்படி இருக்கிறது: மிரட்டல் கடிதம். நடந்ததை ஒன்று விடாமல் கீழே எழுதி, சிவப்பு அட்டையும் போட்டாள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் திட்டவில்லை. சப்ளையர் என்றால் என்ன என்று துபாய்ப் பெண் கேட்டாள். ஈரோட்டுப் பையன் மட்டும், "ஏழு நாள் முடிந்துவிட்டதே அக்கா, பதில் வந்ததா?" என்று கறாராகக் கேட்டிருந்தான். இவன் வளர்ந்தால் எங்கள் கம்பெனிக்கே மேனேஜராக வருவான் என்று நினைத்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு இரண்டாம் நம்பர் கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஆஞ்சப்பன் போன் செய்தார்.

"மேடம், ராயக்கோட்டையிலிருந்து மெட்டீரியல் வந்திருக்குது. ஆர்டர் நம்பர் ஒண்ணும் காணோம். உங்க பேருதான் போட்டிருக்குது. வேன்காரன் எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான்."

"என்னா மெட்டீரியலுங்க?"

"தக்காளி கிரேட்டுங்க. உள்ள தக்காளி இல்ல, பேப்பரா இருக்குது."

அவள் ஓடினாள். பச்சை பிளாஸ்டிக் கிரேட்டில், துணி சுற்றிய ஒரு காகிதக் கட்டு. மேலே நூலில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. அதில் பேனாவால், "பொருள்: கூகைமலை, ஏழாம் புத்தகம், கைப்பிரதி. நிலை: சோதனைக்குக் காத்திருக்கிறது" என்று எழுதியிருந்தது. கூடவே நிரப்பிய பதில் படிவமும் ஒரு கடிதமும்.

"அன்புள்ள மாதேஸ்வரிக்கு, நான் ராயக்கோட்டையில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் தக்காளி மண்டி. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனேன். என் அக்கா மகன் சிப்காட்டில்தான் குவாலிட்டி பார்க்கிறான். இது எல்லாப் பட்டறைக்கும் போகிற கடிதம்தான் சித்தி, ஆனால் பதில் எழுதாமல் விட்டால் மதிக்க மாட்டார்கள் என்று சொல்லி, எப்படி நிரப்புவது என்றும் காட்டிக்கொடுத்தான். நாற்பத்தொன்றுக்கும் பதில் எழுதி முடிக்கத்தான் இத்தனை நாள். புத்தகம் தள்ளிப்போனது அதனால்தான். உங்கள் மன்னிப்புக் கடிதமும் கிடைத்தது, அதற்கு அவசியமில்லை. என் கதையை இதுவரை யாரும் இப்படி எண்ணி எண்ணிப் படித்ததில்லை."

அதற்குள் அவள் மேனேஜர் நவீன்குமார் வந்துவிட்டார். "யாரு மேடம் சப்ளையர்?"

"கதை எழுதறவங்க சார்" என்றாள். வேறு என்ன சொல்வது?

அவர் பதில் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தார். கிணற்றுப் படிக்கு நாராயணம்மா இப்படி எழுதியிருந்தார்: "மூல காரணம்: எண்ணாமல் குத்துமதிப்பாக எழுதிவிட்டேன். திருத்த நடவடிக்கை: எங்கள் வீட்டுக் கிணற்றில் இறங்கி எண்ணினேன். பதின்மூன்று. இரண்டு புத்தகமும் தப்பு." லாடத்துக்கு: "மூல காரணம்: எனக்குக் கழுதை பழக்கமில்லை. திருத்த நடவடிக்கை: ஒன்று தொலைந்து போனதாக ஏழாம் புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன்." நவீன்குமார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நம்ம பட்டறைக்காரங்கள்ல ஒருத்தராவது இவ்ளோ நேர்மையா எழுதியிருக்காங்களா? ஒரு காப்பி எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க."

மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து மாதேஸ்வரி மீதியைப் படித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் முப்பத்து மூன்றில் நின்றுவிட்டாள்.

"மூல காரணம்: ஐந்தாம் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தபோது என் அம்மா இறந்துபோனார். செவ்வந்தியின் அம்மாவை நான் மூன்றாம் புத்தகத்திலேயே சாகடித்தது நன்றாக நினைவிருந்தது. தெரிந்தேதான் கூப்பிட வைத்தேன். அவளுக்கும் ஒரு தடவை கேட்கட்டும், எனக்கும் கேட்கட்டும் என்று. திருத்த நடவடிக்கை: கிடையாது. இதற்காகச் சரக்கைத் திருப்பி அனுப்புவதானால் அனுப்பிக்கொள்ளுங்கள்."

அவள் கண் கலங்கிவிட்டது. தயிர்சாதம் அப்படியே இருந்தது.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அளவு மாறியிருந்தாலும், இதனால் கெடுதல் இல்லை, பொறுப்பு என்னுடையது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால் அந்தப் பொருளை ஏற்றுக்கொள்ளலாம். பதினோரு வருடத்தில் மாதேஸ்வரி அப்படி ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. எத்தனையோ பட்டறைக்காரர்கள் கெஞ்சியும் போட்டதில்லை. அன்றைக்குக் கேன்டீனில் உட்கார்ந்தபடியே போனில் தளத்தைத் திறந்து, முப்பத்து மூன்றின் சிவப்பு அட்டையை எடுத்துவிட்டுப் பச்சை அட்டை போட்டாள். "ஏற்கப்பட்டது. பொறுப்பு: மாதேஸ்வரி" என்று எழுதினாள். நாராயணம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, காரணத்தை அனிதாவுக்கும் எழுதினாள். பிள்ளை கண்டுபிடித்ததை இல்லை என்று ஆக்கிவிட்டோமே, வருத்தப்படுவாளோ என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் பதில் வந்தது.

"எனக்கும் அது தப்புன்னு தோணல அக்கா. அவங்க அம்மா கூப்பிட்டது படிக்கறப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதத்தான் உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன். ஆனா உங்க ஃபாரத்துல தப்பு எழுத மட்டும்தான் எடம் இருந்துச்சு."

மாதேஸ்வரி அதை மூன்று தடவை படித்தாள். அன்று சாயங்காலமே படிவத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: படித்தபோது எப்படி இருந்தது?

கைப்பிரதியின் மஞ்சள் அட்டையை அவிழ்க்க அவளுக்குப் பத்து நாள் ஆனது. பிழைகள் நான்கு. தயவு தாட்சண்யம் பார்க்காமல் நான்கையும் படிவத்தில் எழுதி, பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்தும் போட்டு, பச்சை அட்டை கட்டி, அதே தக்காளி கிரேட்டில் வைத்து ராயக்கோட்டைக்குத் திருப்பி அனுப்பினாள். இந்தத் தடவை இரண்டாம் பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். ஐந்தாவது கட்டத்தில் அவள் எழுதியிருந்தது ஒரே வரி: "மறுபடியும் மத்திகிரியில் இறங்க மறந்துவிட்டேன்."