டீ மாஸ்டர் பார்க்காத இலை

திண்டுக்கல்லில் டீக்கடை வைத்திருக்கும் என் அப்பா, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே டீ ஆற்றுகிறார். ஆனால் தேயிலைச் செடியைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தூள்தான். குன்னூர் நண்பன் கொடுத்த தேயிலைக் கன்றை நான் கொண்டுவந்து வைத்தபோது, "ஏலே, இதா அது? கொய்யாக் கன்னு மாதிரில்ல இருக்கு" என்றார்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிப் பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சளாக்கிவிட்டேன். தேயிலைக்கு அமில மண் வேண்டும், உப்புத் தண்ணீர் ஆகாது என்று படித்த பிறகுதான் டிரம்மில் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினேன். கடைக்குப் பின்னால், கூரை நிழலில், இரண்டு வருடம். ஒரு நாள் பார்த்தால் செடியின் தலை முழுக்கத் துளிர்!

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி கிள்ளி, அப்படியே டீ வடிகட்டியில் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றினார். வெளிறிய பச்சைத் தண்ணீர் இறங்கியது.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு அகத்திக்கீரை சூப்பா?" என்றார் தினமும் வரும் ஆட்டோக்காரர்.

அப்பாவின் முகம் சுருங்கியது. "பிடுங்கிப் போடுலே. இது டீச்செடியே இல்ல. எவனோ உன்னைய ஏமாத்திட்டான்."

செடியில் இன்னும் ஒரு பிடித் துளிர்தான் மிச்சம். அதுவும் வீணானால் அப்பாவே செடியைப் பிடுங்கிவிடுவார்.

மறுநாள் காலை, குன்னூர் நண்பன் போனில் சொன்னபடி, அதைக் கிள்ளித் தட்டில் பரப்பி வாடவிட்டேன். மதியம் உள்ளங்கைகளுக்கு நடுவே கசக்கி உருட்டினேன். ஈரத்துணியால் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பச்சையைக் காணோம். செம்பு நிறம்! அதைவிட அந்த வாசம். நான் எதையும் சேர்க்கவில்லை, நெருப்புகூடக் காட்டவில்லை. கசங்கியதற்கும் காற்றுக்கும் ஓர் இலை இப்படி ஆகுமா?

கடை முன்னால் பால் ஆற்றிக்கொண்டிருந்த அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"ஏலே, தூள் டப்பாவ எவன்லே திறந்து போட்டது?"

நான் தட்டை நீட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு அவரே இளஞ்சூட்டில் தோசைக்கல்லைப் போட்டு, இலை மொறுமொறுப்பாகும் வரை புரட்டினார். கொதிதண்ணீர் ஊற்றி வடித்ததில் ஒரே ஒரு கிளாஸ் கிடைத்தது. பாலும் ஊற்றவில்லை, சீனியும் போடவில்லை.

"எனக்கு, மாஸ்டர்?" ஆட்டோக்காரர் கை நீட்டினார்.

"செத்த நேரம் இருய்யா."

ஒரே மூச்சில் அப்பாவே குடித்து முடித்தார். வடிகட்டியில் தங்கிய இலையை விரலால் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"மறுபடி எம்புட்டு நாள்ல துளிர்க்கும்?" என்றார்.