அப்பாவின் நீல ஆல்பமும் நான் பட்ட சந்தேகமும்

1. சென்ற ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் அப்பா விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலேயே காலமானார்.
2. மறுநாள் காரியப் பத்திரிகை அச்சாகி வந்தது. எந்த வேலை யாருடையது என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.
3. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.
4. பதினேழாம் நாள் அப்பாவின் தபால் தலை ஆல்பங்களைச் சரிபார்த்தேன். நீல ஆல்பத்தில் முப்பத்தொரு இடங்கள் காலியாக இருந்தன.
5. அந்த வாரமே அப்பாவின் நண்பர் மீது சந்தேகப்பட்டு, நேரில் போய்க் கேட்டேன்.

ஐந்தாவது செய்தியை, இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதையும் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அப்பா பிறந்தது மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பத்தில். பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே, வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்களின் வீடுகளுக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பார். அதற்கு அவர் கேட்டது உறையில் இருந்த தபால் தலையை மட்டும்தான். பிறகு விருத்தாசலத்தில் மின்கம்பப் பீங்கான் செய்யும் ஆலையில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை சூளைப் பிரிவிலேயே இருந்தார். இரண்டு முறை ஆலை மூடிக் கிடந்தது. அப்போதும் அவர் ஒரு தபால் தலையைக் கூட விற்கவில்லை.

"பொட்டு பொட்டா காயிதத்த சேத்து வச்சி கோட்ட கட்டப் போறாரு," என்று அம்மா இடிப்பார்.

"எல்லா ஸ்டாம்பும் வெல ஏறாது. இந்த நீல ஆல்பம் மட்டும் ஏறும். இருவது வருசம் பொறு," என்பார் அப்பா. அதில் இருந்தவை நம் நாட்டுத் தலைகள், முத்திரை படாதவை, பின்பக்கப் பசை கலையாதவை. இடுக்கியால்தான் எடுப்பார். ஒவ்வொரு தலைக்கும் கீழே பென்சிலால் பெயர் எழுதி, கையில் கிடைத்ததும் சிவப்பில் ஒரு குறி போடுவார். என் மேற்படிப்புக்கென்று ஆரம்பித்த ஆல்பம் அது. கல்வி உதவித்தொகையில் படித்து முடித்தேன். "அப்ப உன் வூட்டுக்கு ஆவும்," என்றார்.

அப்பாவுக்கு இருந்த ஒரே கூட்டாளி ஸ்ரீமுஷ்ணம் மாமா. உறவில்லை, பழக்கத்தில் மாமா. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தால் இருவரும் லென்ஸோடு உட்கார்ந்துவிடுவார்கள். பசை புதிதாகத் தடவியதா, ஓரப்பல்லை யாராவது வெட்டிச் சரிசெய்தார்களா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

அப்பா இறந்த இரண்டாம் நாள், மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "நீல ஆல்பத்த யாரும் தொடாம பாத்துக்கம்மா," என்றார். "எழவு வூட்டுல வந்து ஸ்டாம்ப பத்தி பேசுறாரு பாரு," என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. பதினேழாம் நாள் குறி இருந்தும் தலை இல்லாத இடங்களை எண்ணியபோது, அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. அப்பா படுக்கையில் இருந்தபோது அந்த ஆல்பத்தை மாமா ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அதன் மதிப்பு தெரிந்த வேறு ஆள் எங்களுக்குள் இல்லை. தரச் சோதனை வேலையில் இருப்பவள் நான். இரண்டும் இரண்டும் நாலு என்று முடிவுசெய்தேன்.

முப்பத்தொரு பெயர்களையும் எழுதிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போனேன்.

"என்னம்மா, லிஸ்டோட வந்திருக்க?" என்று மாமா சிரித்தார். தாளை வாங்கிப் படித்ததும் சிரிப்பு நின்றது. "ஆல்பத்த உங்கப்பா இருக்கசொல்லவே திருப்பிக் குடுத்துட்டனே."

"குடுக்கும்போது எல்லாம் இருந்துதா மாமா?"

அவர் எழுந்து பீரோவைத் திறந்துவிட்டார். "பாத்துட்டுப் போ."

நான் பார்த்தேன். அவருடைய ஆல்பங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ரயில் என்ஜின் படம் போட்ட தலை ஒன்று எங்கள் பட்டியலிலும் இருந்தது. "இது அப்பாவோடதா?" என்று கேட்டேன். மாமாவின் மனைவி வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உங்கப்பனும் லென்ஸு எடுத்துகிட்டுதாம்மா இங்க வருவான்," என்றார் மாமா. "ஸ்டாம்பதான் பாப்பான். என்னைய அப்பிடிப் பாத்ததில்ல."

அப்போதும் என் சந்தேகம் போகவில்லை. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வராததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

போன மாதம், முதலாண்டு நினைவு நாளுக்கு அழைக்க வேப்பூரில் இருக்கும் பெரிய அத்தை வீட்டுக்குப் போனேன். வாசல் ஜன்னல் கம்பியில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. நாங்கள் அனுப்பிய காரியப் பத்திரிகை. அதன் மேல் மூன்று தலைகள், கறுப்பு முத்திரையோடு. மூன்றும் என் பட்டியலில் இருந்தவை.

"காரியக் காயிதத்த வூட்டுக்குள்ள வைக்கக் கூடாதுடி," என்றார் அத்தை. "தம்பி பேரு போட்டிருக்குது, கிழிக்கவும் மனசு வரல. அதான் வெளிய செருகி வச்சேன்."

அன்று மாலையே சித்தப்பாவைக் கேட்டேன். கைப்பேசியில் அனுப்பினால் மூத்தவர்களுக்கு மரியாதையில்லை என்று, பன்னிரண்டு பேருக்குத் தபாலில் அனுப்பியவர் அவர்தான்.

"நீதானம்மா எழுதி ஒட்டியிருந்த, ஸ்டாம்பு அப்பா பீரோவுல இருக்குதுன்னு? சீல் அடிச்சத நான் தொடவே இல்ல. புதுசா, பளிச்சுனு இருந்ததா பாத்துதான் எடுத்தேன்," என்றார்.

நான் எழுதியது நீல ஆல்பத்துக்குப் பின்னால் இருந்த தகர டப்பாவை நினைத்து. கடிதத்துக்கு ஒட்டும் சாதாரணத் தலைகள் அதில்தான் இருந்தன. டப்பா என்ற சொல்லை நான் எழுதவில்லை. சித்தப்பா மீது குற்றம் இல்லை.

மறுநாள் மாமாவிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய அத்தை வீட்டு உறையை வாங்கி, வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். "வெட்டி எடுத்துடாத. கவரோட வை," என்று திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் கடைசி மாதங்களில் வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன், இரத்தம் கொடுத்த ஆலைத் தோழர்கள், பதினாறு நாளும் சமையலைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பத்திரிகை உறையைத் தேடிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

இன்றைய நிலை இது. பன்னிரண்டு உறைகளில் ஐந்து கிடைத்தன. அவற்றில் பதின்மூன்று தலைகள் உள்ளன. நான்கு வீடுகளில் வழக்கப்படி படித்ததும் கிழித்துவிட்டார்கள். மூன்று வீடுகளில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஸ்ரீமுஷ்ணம் மாமா அப்பாவின் ஆல்பத்திலிருந்து ஒரு தலையைக் கூட எடுக்கவில்லை. நினைவு நாளுக்கு அவரை அழைத்திருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை, வருவதாக அவர் சொல்லவில்லை.