பல்பின் மேல் ஒரு சைக்கிள் டியூப்

அன்று வீட்டில் ஐயா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அண்ணை இல்லை. அவர் ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போய் மாதங்கள் ஆகியிருந்தன. ஆமி முகாமைவிட்டு வீதியில் இறங்கிய பிறகு உடுப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸும் இல்லை.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சர்க்கரை வருத்தம். ஊசி போடுவது நான்தான். இன்சுலின் போத்தலில் இருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டியாவது வாசிக்கக்கூடியவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். மருந்து சூட்டில் கெட்டுவிடும் என்பதற்காகவே சவூதியிலிருந்த சித்தப்பா பிறிட்ஜ் வாங்கித் தந்திருந்தார்.

அந்தக் கிழமை ஊசி போட்டும் ஐயாவின் தாகம் அடங்கவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டன.

"தம்பி, நீ ஏத்துறது மருந்தோ, கிணத்துத் தண்ணியோ?"

"மருந்துதான் ஐயா."

"அப்ப ஏன்ரா நான் மாடு மாதிரிக் குடிக்கிறன்?"

சிரித்தார். அவர் மூச்சில் அழுகிய பழத்தின் மணம் அடித்தது.

பிறிட்ஜைத் திறந்து மேல்தட்டில் இருந்த மருந்துப் போத்தலைத் தொட்டேன். இளஞ்சூடு. கீழ்த்தட்டுத் தண்ணீரோ சில்லென்று இருந்தது. உள்ளே றப்பர் கருகும் மணம். கதவு றப்பர் பழுதாகிச் சூடு உள்ளே போகிறது என்று நினைத்தேன். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். தாள் அசையவில்லை. கதவில் குறையில்லை.

அப்போதுதான் பல்பு நினைவுக்கு வந்தது. வெளிச்சம் கண்டால் ஆமியின் ஹெலிகொப்டர் சுடும் என்று ஊரே ஜன்னல்களுக்கு உரப்பை கட்டியிருந்தது. பிறிட்ஜ் இருந்த எங்கள் சமையல் குசினிக்குக் கதவில்லை. அம்மா பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி பிறிட்ஜ் பல்புக்கும் உறைபோல மாட்டிவிட்டார். பல்பைக் கழற்றினால் பிறிட்ஜே ஓடாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நாளடைவில் அங்கே ஒரு பல்பு இருப்பதையே மறந்துபோனோம்.

டியூபைத் தொட்டேன். விரல் சுட்டது. துணியால் பிடித்து உருவினேன். குசினி முழுக்க வெளிச்சம் பாய்ந்தது. வெளியே பொழுது பட்டிருந்தது.

"மூடு தம்பி! சத்தம் கேக்கேல்லையே உனக்கு?"

கடற்கரைப் பக்கம் ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒருக்காப் பொறுங்கோ அம்மா."

கதவு மூடும்போது ஓரத்தில் ஒரு பொத்தான் அமுங்கி பல்பை அணைக்க வேண்டும். அதை விரலால் அமுக்கினேன். அணையவில்லை. மறுபடியும் அமுக்கினேன். அணையவில்லை. மூடிய கதவுக்குள், மருந்துக்குப் பக்கத்தில், அது இரவு பகலாக எரிந்திருக்கிறது. டியூப் இல்லாதிருந்தால் கதவைச் சாத்தும் கணத்திலாவது கண்டிருப்போம்.

"வெளியில தெரியுமெண்டு நான் பயந்த வெளிச்சம், உள்ளுக்க தெரியாமல் எரிஞ்சு கிடந்திருக்கு" என்றார் அம்மா.

பல்பைக் கழற்றினேன். பிறிட்ஜ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹெலியும் தூரப் போனது. ஆனால் இருந்த மருந்தெல்லாம் கெட்டுவிட்டது.

விடியும்போது எவ்வளவு கூப்பிட்டும் ஐயா கண் திறக்கவில்லை. ஒரு வான் வண்டி பிடித்து, வீதியைத் தவிர்த்து ஒழுங்கைகளால் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்தை வெளிக் கடையில் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கினோம். ஐயா பிழைத்தார். ஆனால் அதன் பிறகு, தான் பயிர் செய்துவந்த தோட்டத்தில் இறங்கவில்லை.

வானுக்கும் மருந்துக்குமாக அம்மாவின் காப்பை அடகு வைத்துக் கொடுத்தது, ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபா.